சாமியறையில் ஈரம்

தியாகராஜன் பாரிசுக்குப் பக்கத்தில் ஸ்தேனில் வாங்கிய வீட்டைப் பார்க்க வந்த அத்தனை பேரும் முதலில் கேட்டது, "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ?" என்றுதான். கேட்டதில் பிழையில்லை. கிழட்டு வெள்ளைக்காரி ஒருத்தி தனியே கிடந்து செத்த வீடு அது. கூரை ஒழுகி மேல்மாடிச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். நிலக்கரி அடுப்புப் புகை படிந்து குசினியின் மேல்பக்கமெல்லாம் கறுப்பு. சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் கிழித்தால் உள்ளே வேறு பூப்போட்ட கடதாசி, அதைக் கிழித்தால் இன்னொன்று, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போகலாம். என்றாலும் கல்வீடு. பின்னால் ஒரு துண்டு நிலம், அடியில் ஒரு நிலவறை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சேலைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் பிள்ளையும் வளர்த்துக் குடித்தனமும் நடத்தினவனுக்கு அது மாளிகைதான்.

மனைவி சுலோசனாவுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாமியறை. அந்த ஒற்றை அறையில் பிள்ளையாரையும் முருகனையும் குளிர்பெட்டிக்கு மேலே வைத்துக் கும்பிட்டவள் அவள். கீழே மீன் கிடக்கும், மேலே சாமி இருக்கும். "கடவுளே, இதுக்கெல்லாம் என்ன பாவம் வந்து சேருமோ" என்று வெள்ளிக்கு வெள்ளி புலம்புவாள். மகள் கனிஷ்கா லீசேயில், பெரிய பள்ளிக்கூடத்தில், படிக்கிறவள். தாய் தகப்பன் தமிழில் கேட்பார்கள், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். தமிழ் எல்லாம் விளங்கும், வாயில் மட்டும் வராது. அவளுக்கு வேண்டியிருந்தது கதவு பூட்டுகிற ஓர் அறை.

எங்கள் சனத்தை எதற்குத் திட்டினாலும் ஒரு விஷயத்தில் திட்ட முடியாது. ஒருவன் வீடு வாங்கிவிட்டான் என்று தெரிந்தால் ஞாயிறு காலமை லா சப்பல் கடைவாசலில் கூடி, கோப்பி குடித்து, நாலு அரசியல் கதைத்து, கார் து நோரில் ரயிலேறி வந்து இறங்கிவிடும். கிழமை முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன் அன்றைக்குப் பெயின்ரர். சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்குகிறவன் அன்றைக்குத் தச்சன். கூலி என்று ஒருவனும் வாய் திறக்கமாட்டான். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டால் போதும், பின்னேரம் ஒரு போத்தல் வந்தால் இன்னும் நல்லது. ஒக்ரோபர் மழைக்கு முதல் கூரையை முடித்துவிட்டார்கள். தியாகராஜன் குடும்பத்தோடு மேல்மாடிக்குக் குடிவந்து, கீழ்த்தளத்து வேலையைத் தொடங்கினான்.

அந்தக் கூட்டத்தில் உண்மையில் தொழில் தெரிந்தவன் ஸ்ரீஸ்கந்தராசா. வாய்க்குச் சுகமாக ஸ்கந்தா. ஊரில் மேசன். டைல்ஸ் பதிப்பதில் கைகாரன். இங்கே அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, விசா இல்லாமல், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள் கறி கிளறிக்கொண்டிருந்தான். குசினிக்குள்ளும் தமிழ், வாசலுக்கு வந்தாலும் தமிழ். அவனுடைய பிரெஞ்சு 'போன்ஜூர், மெர்சி'யோடு நின்றுவிட்டது. மனைவி ஊரில். அவன் வெளிக்கிட்ட பிறகு பிறந்த மகளைப் போனில்தான் கண்டிருக்கிறான்.

குழாய் வேலைக்கு வந்தவர் லாசர், பாண்டிச்சேரிக்காரர். ஒபர்வில்லியேயில் பிராங்க் என்கிற வெள்ளைக்காரனுடைய சின்னக் கட்டடக் கம்பனியில் வேலை. ஸ்கந்தா குளியலறையில் பதித்த தளத்தைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஏம்பா ஸ்கந்தா, இந்தக் கைய வச்சிக்கிட்டு நீ குழம்பு கிண்டிக்கிட்டு இருக்கியா? எங்க பத்ரோன் பிராங்க் டைல்ஸ் போட ஆளு தேடிக்கிட்டே இருக்காரு. வேலை முடியட்டும், ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டு வர்றேன். பாத்தார்னா விடமாட்டாரு."

"விசா இல்லாத ஆளை எடுப்பாரோ லாசர் அண்ணை?"

"வேலைக்கு எடுக்கிறேன்னு அவரே எழுதிக் குடுத்தா ப்ரெஃபெக்த்யூர் ஆபீஸ்ல விசா கார்டு கேக்கலாம்பா. எங்க கம்பெனியிலயே ஒரு மாலி நாட்டுப் பையனுக்கு அப்பிடித்தான் கெடச்சுது."

"கார்ட் கிடைச்சால் மனிசியையும் பிள்ளையையும் கூப்பிடலாமோ?"

"மொதல்ல வேலை. அப்புறம் கார்டு. அப்புறம் பொண்டாட்டி. வரிசையா வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்கந்தா சிரிக்கவில்லை. அன்றிரவே ஊருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டான், எங்கள் ஆட்களுக்கே உரிய அவசரம்.

சாமியறை வேலை தொடங்கின கிழமை அவன் மச்ச மாமிசம் தொடவில்லை. இறைச்சிக் கடைக்குப் பக்கத்து நடைபாதையால்கூடப் போகவில்லை என்று மற்றவர்கள் நக்கலடித்தார்கள். ஞாயிறு விடிய முழுகிவிட்டு, நெற்றியில் திருநீறோடு வந்து முழங்காலில் இருந்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து, பசை பூசி, ஒவ்வொரு டைல்ஸாக இறக்கி, ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். குசினியில் வெட்டி மிஞ்சின சிவப்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தான் போலும், அறையின் நடுவில் அவற்றால் ஒரு தாமரை வைத்தான். ஒருவரும் கேட்கவில்லை, தானாகச் செய்தான்.

சுலோசனா சோறும் பருப்பும் குழைத்துக் கொண்டுவந்து வாசலில் நின்றவளுக்குத் தாமரையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, உங்கடை கையைத் தொட்டுக் கும்பிடவேணும். உந்த வேலையை விட்டிட்டு முதல் வந்து சாப்பிடுங்கோ."

"இருங்கோ அக்கா, இந்த இதழ் முடியட்டும். காய்ஞ்சுபோகும்."

அந்தச் சந்தோஷத்தில்தான் சுலோசனா ரொறன்ரோவில் இருக்கும் தமக்கை அற்புதமலருக்கு வீடியோவில் அழைத்தாள். அற்புதமலர் கலியாணம் கட்டமுதல் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தவள். புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் பாரிசுக்கு வருவதற்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாள். போனைத் திருப்பித் திருப்பி அறையைக் காட்டினாள் சுலோசனா. மூலையில் குந்தியிருந்து நீக்கலைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்கந்தா, அந்தக் குரலைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"ரீச்சர்! ஐயோ, எங்கடை மலர் ரீச்சரெல்லோ!" போனுக்குள் முகத்தை நீட்டினான். "நான் ஸ்கந்தன் ரீச்சர்! மூண்டாம் வகுப்பிலை உங்களிட்டைப் படிச்சனான். தெரியேல்லையோ?"

"ஆர்... எந்த ஸ்கந்தன்?"

"குளத்தடி, ரீச்சர். கந்தையன்ரை மகன். பிறகு இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குப் போயிட்டம்."

"ஓ, குளத்தடியோ. சரி சரி. சந்தோசம். சுலோ, பேந்து எடுக்கிறன்." படம் அணைந்துவிட்டது.

ஸ்கந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை யார் கேட்டாலும் கிளிநொச்சி என்றே சொல்லி வந்தவன், அன்று பின்னேரம் முழுக்க மலர் ரீச்சரின் கதையாகவே கதைத்தான்.

குளத்தடி என்றால் அற்புதமலர் படிப்பித்த ஊர்ப் பக்கத்தில் எவருக்கும் விளங்கும். கோயிலுக்குள் விடாமல் வெளி வீதியில் நிற்பாட்டி வைத்திருந்த சனம் இருந்த இடம். அற்புதமலர் பேந்து எடுத்தபோது சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கவேயில்லை. எங்கள் ஆட்கள் எடுக்கமாட்டார்கள், அதில் வலு நாகரிகம்.

"உனக்கென்ன கண் தெரியேல்லையோ சுலோ? ஆரைச் சாமியறைக்குள்ளை இருத்தி வைச்சிருக்கிறாய்? நான் அந்தத் தளத்திலை கால் வைக்கமாட்டன், சொல்லிப்போட்டன். டிக்கெட்டை மாத்தட்டோ?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சுலோசனா தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, சாமியறைத் தளத்தைக் கிளப்பவேணும்."

"விசரோ உமக்கு? குசினியும் அவன்தான் பதிச்சவன், குளியலறையும் அவன்தான். எல்லாத்தையும் உடைப்பமோ?"

"குசினி வேறை, சாமியறை வேறை. நாள் பார்த்து, ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சிற இடம்."

"உம்மடை கையாலை எத்தினை ஞாயிறு வாங்கித் திண்டவன். கொஞ்சமாவது..."

"நான் இல்லையெண்டனானோ? அவன் நல்ல பிள்ளை. நான் ஒரு குறையும் சொல்லேல்லை. ஆனால் அக்கா வராட்டி ஏன் வரேல்லை எண்டு சனம் கேக்கும். கேட்டால் கதை வெளியிலை வரும். பேந்து லா சப்பலிலை தலை காட்டேலாது. எனக்கு அந்த அறைக்குள்ளை நிண்டு கும்பிட மனம் வராது. அவ்வளவுதான்."

"அவனுக்கு நான் என்னெண்டு சொல்லிறது?"

"உள்ளதைச் சொல்லச் சொன்னனானோ? தளம் பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுங்கோ. அவன் வந்து தானே கிளப்பட்டும். நாங்கள் கிளப்பினால் ஏன் எண்டு கேப்பான்."

தியாகராஜன் கெட்டவனில்லை. கெட்டவன் என்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பான், ஸ்கந்தாவும் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். இவன் நல்லவன், ஒருவருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவன். அதனால் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டான். மூலையில் இரண்டு டைல்ஸை உளியால் நெம்பி, கேத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து கீழே ஊற்றினான். ஊறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து, இன்னொரு கேத்தல் ஊற்றினான்.

வாத்தியார் வரவில்லையென்று கனிஷ்கா நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்று, என்ன செய்கிறாய் அப்பா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கழுவிறன்," என்றான் தியாகராஜன். அவள் அவனையும் நெம்பிக் கிடந்த டைல்ஸையும் கேத்தலையும் பார்த்துவிட்டு மேலே போனாள். தாயும் தகப்பனும் மேசையில் கதைத்ததெல்லாம் அவளுடைய அறைக்கும் கேட்டிருந்தது.

தியாகராஜன் போனில் விஷயத்தைச் சொன்னதும் ஸ்கந்தா கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான்.

"ஈரமோ? இருக்காதே அண்ணை. நான் அடித்தளம் காயவிட்டுத்தானே பதிச்சனான்."

"நான் என்ன பொய்யோ சொல்லுறன்? ரைல்ஸ் ஆடுது. தூக்கிப் பார்த்தால் தண்ணி நிக்குது."

"ஐயோ. அண்ணை, இந்த ஞாயிறெல்லோ பிராங்க் வாறார் எண்டு லாசர் அண்ணை சொன்னவர். அவர் பார்த்திட்டுப் போகட்டும். அடுத்த நாளே லீவு போட்டிட்டு வந்து உடைச்சு, திரும்ப வடிவாய்ப் பதிச்சுத் தாறன். ஒரு நாள், அண்ணை."

தியாகராஜன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. திங்கள் காலமை ஓல்னேயிலிருந்து வேறு மேசன் வருகிறான், எங்கடை ஆள், எல்லாம் விசாரித்தாயிற்று.

"இல்லை ஸ்கந்தா. ஞாயிறே உடைக்கவேணும்."

ஞாயிறு வந்தான். வெளியே விடாமல் தூறல். அவனுடைய உடுப்பும் நனைந்திருந்தது. மூலை டைல்ஸைத் தூக்கி, விரலால் அடியைத் தொட்டு, விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தான்.

"நான் கண்ட கனவுக்கு," என்று மட்டும் முணுமுணுத்தான். பிறகு சுத்தியலையும் உளியையும் எடுத்து முழங்காலில் இருந்தான். பசை நல்லாகப் பிடித்திருந்தது. மூலையை விட்டால் மற்ற ஒன்றும் இலேசில் கிளம்பவில்லை. பின்னேரம் பெயின்ற் அடிக்க வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடா ஸ்கந்தா, மாபெரும் மேசன் எண்டாய், ஒரு கிழமை தாங்கேல்லை!"

"கடைக் குசினியிலை சாம்பாருக்குத் தண்ணி விட்ட மாதிரி விட்டிருப்பான்."

"சிரியுங்கோ, சிரியுங்கோ," என்றான். அவனுக்கே அப்படித்தான் இருக்குமோ என்று பட்டிருக்கவேண்டும். தாமரைக்கு வந்தபோது உளியை வைத்துவிட்டு இதழ்களில் இருந்த தூளைக் கையால் துடைத்தான். பிறகு அதையும் உடைத்தான். அதற்குக் கீழே ஈரமில்லை. "இஞ்சை காய்ஞ்சுதானே கிடக்கு," என்று தியாகராஜனைப் பார்த்தான். தியாகராஜன் யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம்தான் லாசர் பிராங்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிராங்க் குளியலறையைப் பார்த்தான், குசினியைப் பார்த்தான், கீழுதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான், அவனுக்குப் பிடித்துவிட்டது. சாமியறை வாசலுக்கு வந்ததும் முகம் மாறியது. அறை முழுக்கக் கல்லும் தூளும். நடுவில் உளியோடு ஸ்கந்தா.

"அங்க நான் குழாயே போடலியே தியாகு, தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்று லாசர் தமிழில் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? குழாயிலை இருந்தும் வந்திருக்கலாம்," என்றான் தியாகராஜன்.

குழாய் என்ற பேச்சு வந்ததும் லாசருக்கு முதலாளி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்துவிட்டது. பிராங்க் பக்கம் திரும்பி, குழாய் வேலையில் ஒரு பிழையுமில்லை, இது தளம் பதித்தவன் பசையில் தண்ணீரைக் கூட்டிவிட்ட பிழை என்று கடகடவென்று பிரெஞ்சில் சொல்லிவிட்டார்.

பிராங்க் தியாகராஜனைக் கேட்டான்: "வீட்டுக்காரர் நீங்கள். இவரை நான் வேலைக்கு எடுக்கலாமா?"

தியாகராஜனுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சுலோசனா தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்றாள்.

"சிநேகிதன். காசு வாங்காமல் செய்து தந்தவன். நான் என்ன சொல்ல?" என்று தோளைக் குலுக்கினான்.

பிராங்குக்கு அது போதும். ஸ்கந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனான். ஸ்கந்தா "மெர்சி, மெர்சி" என்று வாசல்வரை போனான்.

"லாசர் அண்ணை, என்ன சொன்னவர்?"

"இப்போதைக்கு வேணாம்ங்கிறாருப்பா. பாக்கலாம்," என்றார் லாசர், அவனுடைய முகத்தைப் பார்க்காமல். அவரும் போய்விட்டார்.

ஸ்கந்தா திரும்பி வந்து தூளைக் கூட்டினான். உடைந்த கல்லெல்லாம் சாக்கில் கட்டினான். ஒரு துண்டு விடாமல் பொறுக்கினான். வேலை முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் தியாகராஜனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நாளைக்கு வந்து பதிக்கட்டோ அண்ணை?"

"வேண்டாம் தம்பி," என்றாள் சுலோசனா. "நீங்கள் களைச்சுப் போனியள். வேறை ஆள் சொல்லியிருக்கிறம்."

"ஓம் அக்கா. நம்பேலாதுதானே." அவன் கீழே பார்த்தான். "ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ அண்ணை. எதாலை தண்ணி வந்தது? நான் எங்கை பிழை விட்டனான்? அதைத் தெரியாமல் நான் இனி ஒரு வீட்டிலை எப்பிடிக் கை வைக்கிறது? மனிசி கேட்டால் என்ன சொல்லுறது?"

தியாகராஜன் குனிந்து சாக்கின் கட்டை இறுக்கினான்.

மேல்மாடிப் படியில் இருந்த கனிஷ்கா எழும்பி ஓடிவந்தாள். முகமெல்லாம் கண்ணீர். ஸ்கந்தாவுக்கு நேரே நின்று பிரெஞ்சில் கொட்டினாள். உங்களில் ஒரு பிழையுமில்லை, அப்பாதான் தண்ணீரை ஊற்றினார், நான் கண்ணால் கண்டேன், நீங்கள் சாதி குறைவென்று பெரியம்மா சொன்னாவாம், அதற்காக உங்களைக் கொண்டே உடைப்பித்தார்கள், இவர்களுக்கு வெட்கமில்லை. மூச்சு விடாமல் சொன்னாள். தமிழில் சொல்லப் பார்த்தாள், "அங்கிள், அப்பா... அப்பா..." என்று வந்து நின்றுவிட்டது. அழுகையோடு திரும்பவும் பிரெஞ்சுக்கே போனாள்.

ஸ்கந்தா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா எண்டது விளங்குது. மற்றது விளங்கேல்லை. பிள்ளை என்ன சொல்லுது அக்கா?"

சுலோசனா தட்டை மேசையில் வைத்தாள்.

"அங்கிள் பாவமாம். அப்பாவோடை கோவிக்கவேண்டாமாம். அதைத்தான் சொல்லுறாள்."

கனிஷ்கா "நோன்!" என்று கத்தினாள். தகப்பன் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தான்.

ஸ்கந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பசை காய்ந்த கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"இல்லையம்மா, எனக்கு அப்பாவோடை என்ன கோவம்? பிழை என்னிலை. அப்பா நல்ல மனுசன், இவ்வளவு நட்டப்பட்டும் என்னை ஒரு சொல் ஏசேல்லை. நீ அழாதை. எனக்காக ஒரு பிள்ளை அழுதது எண்டு என்ரை மகளுக்குச் சொல்லுவன்."

அவன் சொன்ன தமிழ் கனிஷ்காவுக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. அவன் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினான். சுலோசனா கதவைச் சாத்திவிட்டு, சாமியறையில் தெளிக்க மஞ்சள் தண்ணீர் கரைக்கக் குசினிக்குப் போனாள்.